இரட்டை இடப்பெயர்ச்சி: ஏட்டு விதியும் கண்கண்ட விளைவும்

பள்ளியில் இரசாயனம் பயிலும் மாணவர் விரைவில் மனனம் செய்து, நெடுநாள் மறவாது வைத்திருக்கும் விதிகளுள் இரட்டை இடப்பெயர்ச்சி விதியும் ஒன்று. இரண்டு உப்புக்களை நீரில் கரைத்துக் கலந்தால், முதல் உப்பின் முற்பகுதி இரண்டாம் உப்பின் பிற்பகுதியோடும், இரண்டாவதன் முற்பகுதி முதலாவதன் பிற்பகுதியோடும் சேரும் என்பது அவ்விதி. எழுத்துக்களால் குறித்தால், ‘க–ச’வும் ‘ட–த’வும் கலந்து ‘க–த’வும் ‘ட–ச’வும் ஆகும். இதனைச் சொல்லிக்கொடுக்க ஒரு பாடவேளை போதும். தேர்வில் இதைக்கொண்டு பல வினாக்களுக்கு விடை எழுதிவிடலாம். ஆதலால் ஆசிரியரும் மாணவரும் இதனை விரும்புவதில் வியப்பில்லை.

விதிக்கு உரிய சிறப்பை முதற்கண் ஒப்புக்கொள்ள வேண்டும். வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் உப்புநீரை ஊற்றினால் வெள்ளி குளோரைடும் சோடியம் நைட்ரேட்டும் விளையும் என்று அது முன்கூட்டியே கூறுகிறது, அவ்வாறே விளைகின்றன. பேரியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும் கலந்தால் பேரியம் சல்பேட்டு விளையும் என்கிறது, அதுவும் பொய்ப்பதில்லை. எனினும், சில இடங்களில் மெய்யாவதால் மட்டும் ஒரு விதி போதுமானதாகிவிடாது. அது சொல்லாமல் விடுவது எது, தவறாகச் சொல்வது எது, மாணவன் உள்ளத்தில் எத்தகைய பழக்கத்தை வளர்ப்பது என்பவற்றையும் ஆராய்ந்த பின்னரே அதன் தகுதியை மதிப்பிடுதல் முறை.

நிகழாததையும் நிகழ்ந்ததாகக் கூறல்

பொட்டாசியம் குளோரைடுக் கரைசலையும் சோடியம் நைட்ரேட்டுக் கரைசலையும் கலக்கும்படி ஒரு மாணவனிடம் சொன்னால், அவன் தயங்காமல் ‘பொட்டாசியம் நைட்ரேட்டும் சோடியம் குளோரைடும் விளையும்’ என்று எழுதுவான். விதிப்படி அது சரியே. ஆனால் நீர்த்த கரைசல்களைக் கண்ணாடிக் குழாயில் கலந்து பார்ப்பவனுக்கு யாதொரு மாற்றமும் தோன்றாது. நிறம் மாறாது, கலங்காது, குமிழி எழாது. காரணம், அங்கே இரசாயன வினை எதுவும் நிகழவில்லை என்பதே.

உப்புக்கள் நீரில் கரையும்போதே அவற்றின் பகுதிகள் மின்னேற்றம் உடைய அயனிகளாகப் பிரிந்துவிடுகின்றன. பொட்டாசியம் அயனியும் குளோரைடு அயனியும் ஒரு குழாயில் தனித்தனியே உலவுகின்றன; சோடியம் அயனியும் நைட்ரேட்டு அயனியும் மற்றொன்றில் அவ்வாறே உலவுகின்றன. இரண்டையும் கலந்தபின் நான்கும் ஒரே நீரில் உலவுகின்றன. முன்பு சேர்ந்திராதவை பிரிந்தன என்பதும், பின்பும் சேராதவை சேர்ந்தன என்பதும் பொருந்தா.

வெள்ளி நைட்ரேட்டும் உப்பும் கலக்கும்போது நிகழ்வது வேறு. வெள்ளி அயனியும் குளோரைடு அயனியும் சந்தித்தவுடன் ஒன்றையொன்று பற்றித் திண்மமாகி நீரைவிட்டு நீங்குகின்றன. சோடியமும் நைட்ரேட்டும் முன்போலவே நீரில் உலவுகின்றன. அவற்றுக்கு எந்த மாற்றமும் இல்லை. ஆகவே உண்மையில் நடந்தது ஓர் இணைவு மட்டுமே. ‘இரட்டை’ என்று சொல்வதற்கு இரண்டாவது நிகழ்ச்சி அங்கே இல்லை.

அமிலமும் காரமும் கலக்கும் நடுநிலையாக்கத்தையும் பாடநூல்கள் இவ்வினத்திலேயே சேர்க்கின்றன. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சோடியம் ஹைட்ராக்சைடையும் கலந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கையால் குழாயைத் தொட்டால் சூடு தெரியும். வலிய அமிலம் எதுவாயினும், வலிய காரம் எதுவாயினும், ஒரு மோல் நீர் உண்டாகும்போது வெளிப்படும் வெப்பம் ஏறத்தாழ 57 கிலோஜூல் என்ற ஒரே அளவாக இருக்கிறது. ஜோடிகள் மாறுவதே வினையாயின், ஜோடிக்கு ஜோடி இவ்வெப்பம் வேறுபட வேண்டுமன்றோ? எல்லாவற்றிலும் நிகழும் வினை ஒன்றே. ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் கூடி நீராவதே அது.

பெயரால் விளையும் மயக்கம்

இவ்வினைக்கு வழங்கும் பெயர்களும் மயக்கத்தைப் பெருக்குகின்றன. ‘இடப்பெயர்ச்சி’ என்றால் ஒன்றை வெளியேற்றி அதன் இடத்தில் மற்றொன்று அமர்வது. செம்பு சல்பேட்டுக் கரைசலில் துத்தநாகத் தகட்டை இட்டால் துத்தநாகம் கரைந்து செம்பு வெளிப்படுகிறதே, அதற்கு இப்பெயர் நன்கு பொருந்தும். இங்கோ எதுவும் எதையும் வெளியேற்றவில்லை. ‘இரட்டைச் சிதைவு’ என்ற மற்றொரு பெயரும் உண்டு. மலேசிய இடைநிலைப் பள்ளிகளில் மலாய் மொழியில் வழங்கும் ‘பெங்குராயான் காண்டா டுவா’ என்பதன் பொருளும் அதுவே. கரைந்தபோதே பிரிந்துவிட்ட உப்பைக் கலக்கும்போது சிதைவதாகக் கூறுவது பொருத்தமன்று.

விளைபொருளுக்கு இட்ட பெயர்கள் இதைவிட மேலானவை. தமிழில் ‘வீழ்படிவு’ என்கிறோம்; மலாயில் ‘மெண்டாக்கான்’ என்கின்றனர். ஒன்று வீழ்ந்து படிவதையும், மற்றொன்று அடியில் தங்குவதையும் குறிக்கும். இரண்டும் கண்ணால் கண்டதைச் சொல்லும் சொற்கள். ஆயினும் இவையும் முடிவையே காட்டுகின்றன, தொடக்கத்தைக் காட்டவில்லை. கரைசல்கள் கூடிய கணத்தில் தோன்றுவது கலங்கல், பின்னர்த் திரள், அதன் பின்னரே படிவு. வெள்ளி குளோரைடு தயிர்போல் விரைந்து திரள்கிறது. குளிர்ந்த கரைசலில் உண்டாகும் பேரியம் சல்பேட்டோ மிக நுண்ணிய தூளாகி, வடிதாளையும் கடந்து செல்ல வல்லது. இரண்டையும் ‘வெள்ளை வீழ்படிவு’ என்ற ஒரே தொடரால் எழுதிவிடும் மாணவன், இவ்வேறுபாட்டைக் காணும் வாய்ப்பை இழக்கிறான்.

அறிஞர் கடந்து வந்த வழி

இம்மயக்கம் மாணவருக்கு மட்டும் உரியதன்று. இரசாயன நூலே இதன் வழியாகத்தான் வளர்ந்தது. சுவீடன் நாட்டு அறிஞர் பெர்க்மன் 1775இல் வெளியிட்ட அட்டவணைகளில், ஒவ்வொரு பொருளுக்கும் மற்றவற்றின்பால் உள்ள கவர்ச்சியை வரிசைப்படுத்திக் காட்டினார். வலிய கவர்ச்சி மெலிய கவர்ச்சியை வெல்லும். அதனால் ஜோடிகள் மாறும் என்பது அவர் கொள்கை.

பிரெஞ்சு அறிஞர் பெர்தொல்லே 1798இல் நெப்போலியனுடன் எகிப்து சென்றார். ஆங்குள்ள நாட்ரன் ஏரிகளின் கரையில் சோடியம் கார்பனேட்டு படிந்திருப்பதைக் கண்டு அவர் வியப்புற்றார். கால்சியம் குளோரைடும் சோடியம் கார்பனேட்டும் கலந்தால் சுண்ணாம்புக் கல்லும் உப்பும் உண்டாகும் என்பது ஆய்வுக்கூடத்தில் கண்ட முறை. ஏரிக்கரையிலோ உப்பும் சுண்ணாம்புக் கல்லும் சேர்ந்து சோடியம் கார்பனேட்டைத் தந்துகொண்டிருந்தன. வினை தலைகீழாக நடந்தது! பெருமளவு உப்பு இருந்ததும், உண்டான பொருள் அவ்விடத்தைவிட்டு நீங்கிக்கொண்டே இருந்ததும் இதற்குக் காரணம் என அவர் கண்டார். ஒரு பொருள் கரையாது வீழ்வதும், ஆவியாய்ப் பறப்பதும் வினையை ஒரு திசையில் முடித்துவைக்கும் என்ற கருத்தை 1803இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்தார்.

1884இல் உப்சாலாப் பல்கலைக் கழகத்தில் அர்ரேனியஸ் என்ற இளைஞர் சமர்ப்பித்த ஆராய்ச்சி, நீரில் கரைந்த உப்புக்கள் மின்சாரத்தைக் கடத்தும் இயல்பை ஆராய்ந்தது. கரைந்த உப்பு அயனிகளாகப் பிரிந்தே இருக்கிறது என்ற கொள்கையை 1887இல் அவர் தெளிவாக நிறுவினார். தொடக்கத்தில் அதனைப் பெரிதும் மதியாத உலகம், 1903இல் அவருக்கு நோபெல் பரிசு அளித்தது. ஆக, பள்ளி விதி கூறும் ‘ஜோடி மாற்றம்’ பெர்க்மன் காலத்துக் கருத்தே. அதற்குப் பின் வந்த இரு பெரும் திருத்தங்களும் பாடத்தின் பிற்பகுதியில் வேறோர் அதிகாரமாகக் கிடக்கின்றன. மாணவனோ முதலில் பதிந்ததையே பிடித்துக்கொள்கிறான்.

பெர்தொல்லேயின் கருத்து ஏட்டோடு நின்றுவிடவில்லை. மேலே ‘ஒன்றும் நிகழாது’ என்று கூறிய பொட்டாசியம் குளோரைடு, சோடியம் நைட்ரேட்டு ஆகியவற்றையே நோக்குக. இவற்றைச் செறிந்த கரைசலாக்கிக் கொதிக்க வைத்தால் சாதாரண உப்பு படிகமாகி வீழ்கிறது. அதனைச் சூட்டிலேயே வடித்து நீக்கி, எஞ்சியதை ஆறவிட்டால் வெடியுப்பாகிய பொட்டாசியம் நைட்ரேட்டு திரள்கிறது. 100 கிராம் நீரில் உப்பு 20 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ 36 கிராமும், 100 பாகையில் 39 கிராமும் கரையும், பெரிய வேறுபாடில்லை. வெடியுப்போ 20 பாகையில் ஏறத்தாழ 32 கிராமும், 100 பாகையில் ஏறத்தாழ 246 கிராமும் கரையும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிலி நாட்டு நைட்ரேட்டிலிருந்து வெடியுப்புச் செய்த தொழில் இவ்வேறுபாட்டை நம்பியே நடந்தது. வெப்பமும் செறிவும் மாறினால் விடையும் மாறுகிறது. இவற்றுக்கு ஏட்டு விதியில் இடமே இல்லை.

‘கரையும்’, ‘கரையாது’ என்று இரு பத்திகளாகப் பிரித்த அட்டவணையை விதியோடு சேர்த்துக் கொடுத்தால் குறை தீரும் எனச் சிலர் கருதுவர். ஓரளவே தீரும். வெள்ளி குளோரைடும் ஈயக் குளோரைடும் அவ்வட்டவணையில் ஒரே பத்தியில் நிற்கின்றன. ஆனால் ஒரு லிட்டர் நீரில் முன்னது 2 மில்லிகிராம் அளவே கரைய, பின்னது 10 கிராம் வரை கரைகிறது. ஐந்தாயிரம் மடங்கு வேறுபாடு. நீர்த்த ஈய நைட்ரேட்டுக் கரைசலில் சிறிது உப்புநீர் விட்ட மாணவன் வீழ்படிவு எதனையும் காணாவிட்டால், தவறு அவன் கண்ணில் இல்லை.

விதி பொய்க்கும் இடங்கள்

இதுவரை கூறியவை விதி சொல்லாமல் விட்டவை. அது தவறாகவே சொல்லும் இடங்களும் உள. செம்பு சல்பேட்டும் சோடியம் கார்பனேட்டும் கலந்தால் செம்புக் கார்பனேட்டு விளையும் என்கிறது விதி. குழாயில் தோன்றுவது நீலம் கலந்த பச்சைப் படிவு. கூடவே குமிழிகளும் எழுகின்றன. ஜோடி மட்டும் மாறியிருந்தால் குமிழிக்கு இடமேது? அப்படிவு ஹைட்ராக்சைடும் கார்பனேட்டும் சேர்ந்த காரச் செம்புக் கார்பனேட்டு, வெளியேறியது கரியமிலவாயு. தூய செம்புக் கார்பனேட்டை ஆய்வாளர் நம்பத்தகுந்த முறையில் பெற்றது 1973இல்தான். அதற்கும் வளிமண்டலத்தைப் போல் பல்லாயிரம் மடங்கு அழுத்தம் வேண்டியிருந்தது.

அலுமினியம் குளோரைடோடு சோடியம் கார்பனேட்டைக் கலந்தால் விதி எதிர்பார்க்கும் அலுமினியம் கார்பனேட்டு கிடைப்பதில்லை. கூழ்போன்ற வெண்மையான அலுமினியம் ஹைட்ராக்சைடும் குமிழிகளுமே கிடைக்கின்றன. செம்பு சல்பேட்டோடு பொட்டாசியம் அயோடைடைக் கலக்கும் சோதனை இன்னும் தெளிவானது. விதிப்படி அங்கே ஜோடி மாற்றமே நிகழ வேண்டும். கண்ணுக்குத் தெரிவதோ பழுப்புநிறம். அது அயோடின் விடுபட்டதைக் காட்டுகிறது. அதனடியில் வெளிறிய செம்பு அயோடைடு மறைந்து கிடக்கிறது. இங்கு எலெக்ட்ரான்களே கைமாறிவிட்டன. விதியை மட்டும் கற்றவன் பழுப்பைக் கண்டால் தன் குழாய் அழுக்கென்று எண்ணி அதைக் கொட்டிவிடவும் கூடும்.

உற்றறிதலும் ஊகித்தலும்

மலேசியத் தமிழ்ப் பள்ளிகளின் அறிவியல் பாடத்தில் உற்றறிதல், ஊகித்தல், முன் அனுமானித்தல் என்னும் திறன்களைத் தனித்தனியே பயிற்றுகின்றனர். கண்டதைக் கண்டவாறு கூறுவது முதலாவது. கண்டதற்குக் காரணம் கருதுவது இரண்டாவது. இனி நிகழப்போவதைக் கூறுவது மூன்றாவது. ஆரம்பப் பள்ளியில் அரும்பாடுபட்டுப் பிரித்துக் கற்பித்த இம்மூன்றும் இடைநிலைப் பள்ளியின் இரசாயனத்தில் ஒரே வரியில் கலந்துவிடுகின்றன. ‘காட்சி’ என்ற பத்தியில் மாணவர் ‘வெள்ளி குளோரைடு தோன்றியது’ என்று எழுதுகின்றனர். வெள்ளி குளோரைடை எவரும் கண்ணால் கண்டு பெயர் சொல்ல முடியாது. தயிர்போன்ற வெண்திரளைக் காணலாம். வெயிலில் வைத்தால் அது ஊதா கலந்த சாம்பல் நிறம் கொள்வதைக் காணலாம். அம்மோனியாவில் கரைவதைக் காணலாம். இவற்றைக் கண்டபின் ‘இது வெள்ளி குளோரைடு’ என்பது ஊகம்.

இவ்வாறே ‘கரியமிலவாயு வெளிவந்தது’ என்பதும் காட்சியன்று. குமிழி எழுந்ததும், அவ்வாயு தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்போல் ஆக்கியதுமே காட்சி. ‘தெளிந்த’, ‘நிறமற்ற’ என்னும் சொற்களை ஒன்றாகக் கருதுவதும் பரவலான பிழை. செம்பு சல்பேட்டுக் கரைசல் தெளிந்தது, ஆனால் நிறமற்றதன்று. பேரியம் சல்பேட்டும் பேரியம் கார்பனேட்டும் வெள்ளையே. அமிலம் விட்டால் பின்னது குமிழியுடன் கரையும், முன்னது கரையாது. வெண்மை என்ற ஒன்றை மட்டும் எழுதி நிறுத்துபவன் இரண்டையும் பிரித்தறிய மாட்டான்.

இங்கேதான் இவ்விதியால் விளையும் பெருங்கேடு இருக்கிறது. விடையை முன்னரே அறிந்த மாணவன் குழாயைப் பார்ப்பதில்லை. பார்த்தாலும், கண்டது விதியோடு மாறுபடுமாயின் கண்டதை விட்டு விதியை எழுதுகிறான். மதிப்பெண்ணும் அதற்கே கிடைப்பதால், தன் கண்ணை நம்பாமல் இருப்பதே அறிவுடைமை என்று கற்றுக்கொள்கிறான். மருந்தகத்திலும் ஆலையிலும் நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலும் நாளை பணியாற்றப் போகிறவன் அவனே. அளவுகருவி காட்டியதை எழுதாமல், காட்டியிருக்க வேண்டியதை எழுதும் பழக்கம் அங்கே பிறர் உயிருக்கே இடராகும். பேரியம் அயனி நஞ்சு. ஆனால் கரையாத பேரியம் சல்பேட்டைக் குடலின் நிழற்படம் எடுப்பதற்கு நோயாளிகள் விழுங்குகின்றனர். அதில் கரையும் பேரியம் உப்பு சிறிதும் கலந்திருக்கலாகாது. அதைச் சோதிப்பவர் எழுதும் ஒரு வரி மெய்யாக இருந்தே ஆகவேண்டும்.

செய்யத் தக்கது

விதி தொடக்க மாணவருக்கு ஏணியாகும், அதனை எடுத்துவிட்டால் சமன்பாடு எழுதவே வாராது என்று ஆசிரியர் சிலர் மறுப்பர். ஈயம் நஞ்சு, வெள்ளி விலைமிக்கது, நாற்பது பேர் உள்ள வகுப்பில் சோதனைக்கு நேரமில்லை என்பதும் அவர் கூறும் காரணங்கள். இவை புறக்கணிக்கத் தக்கவை அல்ல. விதியை ஒழிக்கவேண்டும் என்பதும் இங்கே வாதமன்று. அதற்கு முன்னால் ஒரு கேள்வியை நிறுத்தினால் போதும்: ‘நீரைவிட்டு நீங்குவது எது?’ திண்மமாய் வீழ்வது உண்டா, வாயுவாய்ப் பறப்பது உண்டா, அயனிகள் கூடி நீராவது உண்டா என மாணவன் முதலில் கேட்கட்டும். ஒன்றும் இல்லையெனில் ‘வினை இல்லை’ என்று துணிந்து எழுதட்டும். அவ்விடைக்கும் முழு மதிப்பெண் கிடைக்கட்டும்.

விலைமிக்க உப்புக்கள் இல்லாமலும் இதனைக் கற்பிக்கலாம். வெற்றிலைக்கு இடும் சுண்ணாம்பை நீரில் கலக்கித் தெளியவைத்து இறுத்த நீரும், சலவைச் சோடாவின் கரைசலும் போதும். இரண்டையும் கலந்தால் வெண்மையான கலங்கல் எழுந்து மெல்லப் படியும். மேல்நீர் காரமுடையது, கையில் படலாகாது. அதில் காடியைச் சிறிது சிறிதாக விட்டுவந்தால், காரம் தீர்ந்தபின் குமிழி கிளம்பிப் படிவு மறையும். கால்சியம் கார்பனேட்டு வீழும் என்பது முன் அனுமானம். கலங்கலும் குமிழியும் உற்றறிதல். வீழ்ந்தது கார்பனேட்டுத்தான் என்பது ஊகம். மூன்றும் ஒரு குவளையில் அடங்கிவிடுகின்றன. ஈப்போவைச் சூழ்ந்த குன்றுகளைப்போல் சுண்ணாம்புப் பாறை நிறைந்த நிலத்துக் கிணற்று நீரில் சவர்க்காரம் நுரைக்காமல் திரிந்து மிதப்பதும் இவ்வினத்து வினையே. கால்சியம் அயனி சவர்க்காரத்தின் பகுதியோடு கூடிக் கரையாப் பொருளாகி நீரைவிட்டு நீங்குகிறது. வீட்டில் துணி துவைக்கும் தாய் அன்றாடம் காண்பதை வகுப்பில் எடுத்துக்காட்டாத ஆசிரியர், பாடத்தின் பாதியை விட்டவராவார்.

தேர்வுத் தாள் வகுப்போரும் ஒன்று செய்யலாம். விதிப்படி விடை வரும் வினாக்களோடு, நீர்த்த கரைசலில் ஒன்றும் நிகழாத வினா ஒன்றும், செம்புக் கார்பனேட்டைப்போல் குமிழி எழுந்து விதி பொய்க்கும் வினா ஒன்றும் சேர்த்தால், மனனம் செய்தவன் யார், பார்த்து அறிந்தவன் யார் என்பது தானே விளங்கும். பெர்தொல்லே ஏரிக்கரையில் கண்டதை, அட்டவணையில் இல்லை என்று தள்ளிவிடவில்லை. அட்டவணையையே திருத்த முற்பட்டார். அத்துணிவின் சிறு வித்தையேனும் மாணவர் உள்ளத்தில் ஊன்றுவது இரசாயன ஆசிரியரின் கடன். அதற்கு இடையூறாக நிற்கும் வரையில், எத்துணை எளிய விதியாயினும் அதனை முதலிடத்திலிருந்து இறக்கி இரண்டாம் இடத்தில் வைப்பதே தக்கது. ஆசிரியர் உலகம் இதனைச் சிந்திக்குமாக.